பிளம்பிநட்: குழந்தைக்கு மட்டும் கொடுத்தால் போதாத கடலைப் பாக்கெட்

பிளம்பிநட் கடையில் வாங்கும் தின்பண்டம் கிடையாது. ஊட்டச்சத்து கடுமையாகக் குறைந்துபோன குழந்தைகளுக்கு மருந்து மாதிரி அளவு பார்த்துக் கொடுக்கும் கடலைப் பசை அது. ஒரு பாக்கெட் 92 கிராம், 500 கிலோகலோரி. சூடான், ஏமன், சோமாலியா என்று சண்டை நடக்கும் நாடுகளைப் பற்றிய செய்திகளில், எலும்பும் தோலுமாக ஒரு குழந்தை பாக்கெட்டின் முனையைச் சப்பிக்கொண்டிருக்கும் படம் பார்த்திருப்பீர்கள், பெரும்பாலும் இதுதான். நான் செவிலியர். சூடானின் மேற்குப் பகுதியான டார்ஃபூரிலிருந்து உயிர் தப்பி எல்லை தாண்டி, சாட் நாட்டின் கிழக்குப் பக்கம் வந்து சேர்ந்தவர்களின் முகாமில் குழந்தைகள் ஊட்டச்சத்துப் பிரிவில் வேலை பார்த்தேன். ஊருக்கு வந்ததிலிருந்து தெரிந்தவர்கள் எல்லாரும் கேட்பது, அந்தப் பாக்கெட் உண்மையில் வேலை செய்யுமா, அதற்கென்று நாம் அனுப்பும் காசு உருப்படியாகச் செலவாகிறதா என்றுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் இங்கே விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் சுவை. திறப்பதற்கு முன் பாக்கெட்டைக் கையால் நன்றாகப் பிசைய வேண்டும், அந்த வெயிலுக்கு எண்ணெய் பிரிந்து தனியாக நிற்கும். முனையைக் கிழித்து அழுத்தினால் பழுப்பு நிறத்தில் கெட்டியாக வெளியே வரும். நாக்கில் வைத்ததும் சர்க்கரை, அப்புறம் வறுத்த கடலை, கடைசியில் பால்பவுடர் வாசனை. திப்பி என்பதே இல்லாமல் வழுவழுவென்று அரைத்திருப்பார்கள், பல் முளைக்காத குழந்தைகூட விழுங்கிவிடும். மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், தாகம் எடுக்கும், அதனால் கூடவே சுத்தமான தண்ணீர் கொடுக்கச் சொல்லித்தான் அனுப்புவோம். பெரியவர்களுக்கு இரண்டு வாய்க்கு மேல் திகட்டிவிடும். அங்கே வரும் குழந்தைகள் பாக்கெட்டை நக்கி முடித்து உள்பக்கத்தைத் திருப்பியும் நக்குவார்கள்.

குழந்தையைச் சேர்க்கும் அன்று முதல் வேலை கை அளப்பது. மேல் கையின் நடுவில் ஒரு நாடாவைச் சுற்றினால், 115 மில்லிமீட்டருக்குக் கீழே சிவப்பு, 125 வரை மஞ்சள், அதற்கு மேல் பச்சை. காலில் விரலை அழுத்தி எடுத்தால் குழி விழுகிறதா என்றும் பார்ப்போம். அந்த வீக்கம் இருந்தால் கை பருமனாகத் தெரிந்தாலும் ஆபத்துதான். அடுத்தது பசி சோதனை. அம்மா கை கழுவிவிட்டு, கூட்டம் இல்லாத ஒரு மூலையில் உட்கார்ந்து, கட்டாயப்படுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும். குழந்தை சாப்பிட்டால் பாக்கெட்டைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம். சாப்பிடவில்லை என்றால் உள்ளே நோய் முற்றியிருக்கிறது என்று அர்த்தம், மருத்துவமனையில் சேர்த்து விசேஷப் பாலில் இருந்து தொடங்க வேண்டும்.

ஒன்றரை வயதுப் பெண் குழந்தை ஒன்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நடக்கக் கற்றுக்கொண்ட பிறகு பலம் இல்லாமல் நடப்பதையே நிறுத்திவிட்டவள். நாடா சிவப்பு. முதல் தடவை உதட்டில் தடவியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அம்மா அவசரப்படவே இல்லை. தன் விரலில் கொஞ்சம் எடுத்து, குழந்தையின் கையில் தேய்த்துவிட்டு, வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை தன் கையைத் தானே வாயில் வைத்தாள். இரண்டாவது தடவை வைத்தாள். அப்புறம் அம்மாவின் கையிலிருந்த பாக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். சோதனையில் தேறிவிட்டாள் என்று அட்டையில் எழுதும்போது எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது. சில வாரங்களில் அந்த நாடா மஞ்சளுக்கு வந்தது, அப்புறம் பச்சைக்கு. கொஞ்சம் தள்ளி, நான்கு வயது மதிக்கத்தக்க அவளுடைய அக்கா அந்தப் பாக்கெட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளைப் பற்றித்தான் இந்த விமர்சனத்தில் முக்கியமாகச் சொல்ல வேண்டும், கீழே வருகிறேன்.

இந்தப் பொருள் எதை மாற்றியது என்று தெரிந்தால்தான் அதன் அருமை புரியும். 1990களில் இந்தக் குழந்தைகளுக்கு இருந்த சிகிச்சை எஃப்-100 என்ற பால். பவுடரைச் சுத்தமான தண்ணீரில் கரைத்து, கெட்டுப்போவதற்குள் கொடுத்து முடிக்க வேண்டும். அதனால் அம்மாவும் குழந்தையும் வாரக்கணக்கில் சிகிச்சை மையத்திலேயே தங்க வேண்டியிருந்தது. மற்ற பிள்ளைகளை யாரிடம் விட்டுவருவது? ஒரே கூடாரத்தில் நூறு குழந்தைகள் இருந்தால் ஒருவருக்கு வந்த வயிற்றுப்போக்கு எல்லாருக்கும் பரவும். சண்டை நெருங்கினால் மையத்தையே காலி செய்ய வேண்டும், சிகிச்சை பாதியில் நின்றுபோகும். ஆந்த்ரே பிரியான் என்ற பிரெஞ்சுக் குழந்தை மருத்துவரும், நியூட்ரிசெட் நிறுவனத்தின் மிஷேல் லெஸ்கானும் 1996இல் அந்தப் பாலின் சத்துகளை அப்படியே கடலைப் பசைக்குள் கொண்டுவந்தார்கள். கடலை, பால்பவுடர், சர்க்கரை, எண்ணெய், வைட்டமின்கள், தாது உப்புகள், அவ்வளவுதான். தண்ணீர் சேராததால் கிருமி வளராது. குளிர்சாதனப் பெட்டி தேவையில்லை, இரண்டு வருடம் வரை கெடாது, சமைக்கவும் வேண்டாம். நைஜரில் 2005இல் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு இதைக் கொண்டு சிகிச்சை கொடுத்தது. 2007இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் மற்ற ஐ.நா. அமைப்புகளும், வேறு சிக்கல் இல்லாத குழந்தையை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று கூட்டாக அறிவித்தன. இந்த வகை உணவு 2023இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது.

நம் ஊரில் சொன்னால் உடனே வரும் கேள்வி, கடலை மிட்டாய் கொடுத்தால் ஆகாதா? கடலை மிட்டாய் நல்ல தின்பண்டம்தான், நானே எல்லாருக்கும் சிபாரிசு செய்வேன். ஆனால் எட்டு மாதக் குழந்தையால் அதைக் கடிக்க முடியாது. பாலில் உள்ள புரதமும், துத்தநாகம், பொட்டாசியம் போன்றவையும் சரியான விகிதத்தில் சேராமல், அவ்வளவு மெலிந்த உடம்பு சதை போடாது. இன்னொன்றும் கேட்கிறார்கள், சரியாகச் சாப்பிடாத எங்கள் பிள்ளைக்கு இதை இணையத்தில் தேடி வாங்கலாமா என்று. வேண்டாம். எடை குறைகிறது என்ற சந்தேகம் இருந்தால் அங்கன்வாடிக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ கூட்டிப்போய் எடையும் உயரமும் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்தியாவில் இதற்கு ஒரு பழைய சண்டையும் உண்டு. 2009இல் யுனிசெப் இதை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து மத்தியப் பிரதேசத்திலும் பீகாரிலும் கொடுத்தபோது மத்திய அரசு நிறுத்தச் சொல்லிவிட்டது. உள்ளூர்ச் சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு கம்பெனி பாக்கெட் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று உணவு உரிமைக்காகப் போராடியவர்கள் பயந்தார்கள். அங்கன்வாடியும் சந்தையும் ஓடுகிற ஊரில் அந்தப் பயம் நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால் சந்தையே எரிந்துபோன ஊரில் கணக்கு வேறு. அடுப்புக்கு விறகு வேண்டும். டார்ஃபூரில் விறகு பொறுக்கப் போகும் பெண்கள் மீது பாலியல் வன்முறை இருபது வருடத்துக்கும் மேலாக நடக்கிறது. அங்கே ‘சமைக்க வேண்டாம்’ என்பது வெறும் வசதி இல்லை, ஒரு பெண் ஒருநாள் காட்டுக்குப் போகாமல் இருக்கலாம் என்று அர்த்தம்.

ஆகவே பாக்கெட்டுக்கு மட்டும் மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு ஐந்து, யோசிக்கவே மாட்டேன். ஒரு பெட்டியில் 150 பாக்கெட், ஏறக்குறைய ஒரு குழந்தையின் முழுச் சிகிச்சைக்குப் போதும், ஐம்பது டாலர் சுமாருக்கு வரும். ஆனால் அந்தப் பாக்கெட் போய்ச் சேரும் ஏற்பாட்டைச் சேர்த்துக் கேட்டால் இரண்டரைதான் கொடுப்பேன்.

காரணம் அந்த அக்கா. தங்கச்சிக்குச் சிவப்பு, அவளுக்குப் பாக்கெட். அக்காவுக்குப் பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவில், அவளுக்கு ஒன்றும் கிடையாது. குடும்பத்துக்குக் கொடுக்கும் ரேஷனோ அந்த மாதம் பாதியாகக் குறைந்திருந்தது. சில வாரம் கழித்து இன்னொரு குழந்தையின் அட்டையில் எடை ஏறாமல் அப்படியே நின்றது. காய்ச்சல் இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை. மொழிபெயர்க்கும் பெண் மெதுவாகப் பேசிப் பார்த்ததில் அந்த அம்மா சொன்னார்: “கஞ்சியில் பிழிந்து எல்லாருக்கும் ஊற்றினேன். ஒருத்திக்கு ஊட்டிவிட்டு மற்ற மூன்று பேர் முகத்தில் நான் எப்படி முழிப்பது?” எங்கள் குழுவில் சிலருக்குக் கோபம். பாக்கெட் மருந்து, அதைப் பங்கு வைக்கக் கூடாது என்று பல தடவை சொல்லியிருக்கிறோம், அட்டையில் படம் போட்டும் கொடுத்திருக்கிறோம். எனக்குக் கோபம் வரவில்லை. அந்த அம்மா செய்ததில் ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை. நான்கு பிள்ளைகள் பசியோடு இருக்கும் வீட்டுக்கு ஒரு பிள்ளையின் சாப்பாட்டை மட்டும் கொடுத்தனுப்பிய எங்கள் மீதுதான் தப்பு.

சிலர் பாக்கெட்டை விற்கிறார்கள் என்றும் செய்தி வரும், அதைப் பார்த்து இங்கே பலர் வருத்தப்படுகிறார்கள். விற்ற காசில் என்ன வாங்குகிறார்கள் என்று போய்ப் பாருங்கள். சோப்பு, உப்பு, காய்ந்த வெண்டைக்காய்த் தூள், அப்புறம் மாவு அரைக்கும் கூலி. ஆமாம், அரைக்கும் கூலி. ரேஷனில் வெள்ளைச்சோளத்தை முழுத் தானியமாகக் கொடுப்பார்கள். அதை அரைத்து மாவாக்கினால்தான் அவர்களின் தினசரிக் களியான அசீதா கிண்ட முடியும். மில்காரருக்குக் கொடுக்கக் காசு இல்லாமல் ரேஷன் தானியத்திலேயே ஒரு பங்கை விட்டுவிட்டு வருவார்கள். இதைக் கணக்கில் எடுக்காமல் ஒரு குடும்பத்துக்கு இத்தனை கிலோ கொடுத்தோம் என்று அறிக்கையில் எழுதுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

குணமாகிப் போன குழந்தை திரும்பி வருவதும் இதனால்தான். கைச்சுற்று 125 மில்லிமீட்டரைத் தொட்டு அடுத்த தடவையும் நிலைத்தால் சிகிச்சை முடிந்தது என்று அனுப்புவோம். போகிற வீடு வந்த அதே வீடு. மழைக்காலத்தில் மலேரியா, வயிற்றுப்போக்கு என்று ஏதாவது வரும், மறுபடி சிவப்பு. ஆறு மாதத்துக்குக் கீழ் உள்ள குழந்தைக்குப் பாக்கெட் கூடவே கூடாது. அதற்குத் தாய்ப்பால்தான் எல்லாம், அப்படியென்றால் முதலில் அம்மா சாப்பிட்டாக வேண்டும்.

கூடக் கொடுக்கும் மற்ற பொருள்களையும் சொல்லிவிடுகிறேன். சூப்பர் சீரியல் பிளஸ் என்று ஒரு மாவு, மக்காச்சோளம், சோயா, பால்பவுடர், சர்க்கரை, எண்ணெய் கலந்தது, ஒன்றரைக் கிலோ பை. நம் சத்துமாவு சாப்பிட்டவர்களுக்குச் சுவை பழகினதாகவே இருக்கும். இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு மிக நல்லது, ஆனால் தண்ணீரும் விறகும் வேண்டும். சத்து பிஸ்கட், எல்லை தாண்டி அப்போதுதான் வந்து இறங்குகிறவர்களுக்கு முதல் ஒன்றிரண்டு நாள் தாங்கும், அதற்கு மேல் அதை நம்ப முடியாது. இந்த பிஸ்கட் விஷயத்தில் இன்னும் மனசு ஆறவில்லை. அமெரிக்க அரசின் பணத்தில் வாங்கிய கிட்டத்தட்ட 500 டன் பிஸ்கட், அந்த நாட்டு உதவி நிறுவனத்தைக் கலைத்த குழப்பத்தில் யாரும் கையெழுத்துப் போடாமல் துபாய்க் கிடங்கிலேயே கிடந்து, 2025 ஜூலையில் காலாவதி ஆனது, எரித்து அழிக்க முடிவு செய்தார்கள். அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் கடலைப் பசை தயாரிக்கும் எடிசியா நிறுவனத்திலும் அதே வருடம் பெட்டிகள் தேங்கி நின்றன. பொருள் இருந்தது, பசித்தவர்களும் இருந்தார்கள்.

சூடானுக்குள் நிலைமை இன்னும் மோசம். 2023 ஏப்ரல் 15 அன்று ராணுவத்துக்கும் ஆர்.எஸ்.எஃப். என்ற துணை ராணுவப் படைக்கும் சண்டை தொடங்கியது. அடுத்த மாதமே கார்ட்டூமில் சமில் தொழிற்சாலை எரிந்து சாம்பலானது. அந்த நாட்டுக் குழந்தைகளுக்கான இந்தக் கடலைப் பசையில் 60 சதவீதம் அங்கேதான் தயாரானது. சூடான் உலகத்திலேயே அதிகமாக நிலக்கடலை விளையும் நாடுகளில் ஒன்று. சொந்தக் கடலையைச் சொந்தத் தொழிற்சாலையில் அரைத்துச் சொந்தக் குழந்தைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு நாடு, அதன் பிறகு பெட்டிகளை வெளியிலிருந்து லாரியில் வரவழைக்க வேண்டியதாயிற்று. அந்த லாரிக்கும் பாதுகாப்பு இல்லை. 2025 ஜூன் தொடக்கத்தில் உலக உணவுத் திட்டமும் யுனிசெப்பும் அனுப்பிய 15 லாரிகள் டார்ஃபூரில் உள்ள எல் ஃபாஷர் நகரத்துக்குப் போகும் வழியில் அல் கோமா பக்கத்தில் தாக்கப்பட்டு, ஐந்து பேர் இறந்தார்கள்.

எல் ஃபாஷர் நகரம் 2024 மே மாதத்திலிருந்து முற்றுகையில் இருந்தது. பக்கத்தில் இருந்த ஜம்ஜம் முகாமில் 2024 ஆகஸ்டிலேயே பஞ்சம் என்று உறுதி செய்துவிட்டார்கள். நகரத்துக்குள் சிக்கியவர்கள் கடைசியில் அம்பாஸ் சாப்பிட்டார்கள். அம்பாஸ் என்றால் வேறொன்றும் இல்லை, எண்ணெய் ஆட்டிய பிறகு செக்கில் மிஞ்சுமே கடலைப் பிண்ணாக்கு, அதுதான், நாம் மாட்டுக்கு ஊறவைத்துப் போடுவது. அதைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். பூஞ்சை பிடித்த பிண்ணாக்கு மனிதருக்கு விஷம் என்று தெரிந்தே கொடுத்தார்கள், வேறு வழி இல்லை. ஒரு கட்டத்தில் அதுவும் கிடைக்காமல் போனது. 2025 அக்டோபர் கடைசியில் நகரம் ஆர்.எஸ்.எஃப். கையில் விழுந்தது.

அந்த முற்றுகைக்குள்ளும் சோறு போட்டவர்கள் யார் என்று கேட்டால், அக்கம்பக்கத்து இளைஞர்கள் நடத்திய தெருச் சமையற்கூடங்கள். தகாயா என்பார்கள். பெரிய அண்டா, விறகு, பருப்போ சோளக்களியோ அன்றைக்கு எது கிடைக்கிறதோ அது, வரிசையில் நிற்கும் எல்லாருக்கும் ஒரு கரண்டி. யாருடைய நாடா சிவப்பு, யாருடையது பச்சை என்று அங்கே கேட்பதில்லை. அவசர உதவி அறைகள் என்ற பெயரில் நாடு முழுக்க ஒருங்கிணைந்த இந்த இளைஞர்களுக்கு 2025இல், மாற்று நோபல் என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. வெளிநாட்டில் இருக்கும் சூடான் மக்கள் பன்கக் என்ற வங்கிச் செயலி வழியாக அனுப்பும் பணத்தில்தான் பல கூடங்கள் ஓடுகின்றன. அந்தப் பணத்தை நோட்டாக மாற்றுவதற்குள் வியாபாரிகள் கழிவு என்று பெரிய பங்கை எடுத்துக்கொள்வார்கள், அப்படியும் மிச்சத்தில் அண்டா ஏறும். 2025 தொடக்கத்தில் அமெரிக்கப் பணம் நின்றதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கூடங்கள் மூடிக்கொண்டன. என்னைக் கேட்டால், முழு ஏற்பாட்டிலும் பாக்கெட்டுக்குச் சமமான மதிப்பெண் வாங்கத் தகுதி உள்ள ஒரே சேவை இந்தக் கூடங்கள்தான். பாக்கெட் விழுந்த குழந்தையைத் தூக்கும், அண்டா அடுத்த குழந்தை விழாமல் பார்த்துக்கொள்ளும்.

சிகிச்சை முறையிலும் சில நல்ல மாற்றங்கள் வந்திருக்கின்றன. அம்மாக்களுக்கே நாடாவைக் கொடுத்து வீட்டில் அளக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். முதல் நாள் கை நடுங்க அளப்பார்கள், அடுத்த வாரம் பக்கத்துக் கூடாரக் குழந்தையையும் அளந்து அவர்களே கூட்டிக்கொண்டு வருவார்கள். கென்யாவிலும் தென் சூடானிலும் நடந்த ஆய்வில், சிவப்புக்கு நாளைக்கு இரண்டு பாக்கெட், மஞ்சளுக்கு ஒன்று என்று எளிமையாக்கினாலும் குணமாவது குறையவில்லை என்று தெரிந்தது. சண்டையில் ஊழியர்கள் ஓடிவிட்ட இடத்தில் இது பெரிய உதவி, மஞ்சளில் நிற்கும் பிள்ளைகளையும் அதே இடத்தில் அதே பொருளைக் கொண்டு கவனிக்கலாம்.

காசு அனுப்ப நினைப்பவர்களுக்கு: தாராளமாக அனுப்புங்கள், பாக்கெட் வேலை செய்கிறது, என் கண்ணால் பார்த்தேன். அனுப்பும் முன் அந்த அமைப்பிடம் ஒரு மின்னஞ்சல் போட்டு, சிகிச்சை பெறும் குழந்தையின் குடும்பத்துக்கும் ரேஷனோ பணமோ சேர்த்துக் கொடுக்கிறீர்களா, உள்ளூர்ச் சமையற்கூடங்களுக்குப் பங்கு போகிறதா என்று கேளுங்கள். சாதாரண ஆள் கேட்டால் மதிப்பார்களா என்று நினைக்க வேண்டாம். நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு கொடையாளர் இதே கேள்வியை எழுத்தில் கேட்ட பிறகுதான், பாக்கெட் வாங்கும் ஒவ்வொரு குழந்தையின் வீட்டுக்கும் பருப்பும் எண்ணெயும் அரைக்கும் கூலியும் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கினார்கள்.